சின்னம் பெரிதா, திறன் பெரிதா?

மதிப்பெண் பட்டியல் என்பது சிறியதொரு தாள். ஐந்தாறு பாடங்களின் பெயர்கள், அவற்றுக்கு எதிரே எண்கள், அடியில் ஒரு கையொப்பம், ஒரு முத்திரை, அவ்வளவுதான். ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரு பெண் கற்றதெல்லாம் அந்தத் தாளுக்குள் அடங்கிவிட்டதாகப் பெற்றோர் நம்புகிறார்கள். ஆசிரியைகளாகிய நாங்களும் பல வேளைகளில் அப்படியே நம்பிவிடுகிறோம். நாளடைவில் அந்தப் பெண்ணும் நம்பத் தொடங்கிவிடுகிறாள். இந்த மூன்றாவது நம்பிக்கைதான் பெரிதும் கவலைக்குரியது.

நம் வகுப்பறைகளையே எண்ணிப் பாருங்கள். கணக்கில் நாற்பதைத் தாண்டாத ஒரு மாணவி, தன் தாயார் சேர்ந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவு ஏட்டை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வருவாள். அறிவியல் தேர்வில் தடுமாறும் இன்னொருத்தி, தோட்டத்தில் எந்தச் செடிக்குத் தண்ணீர் போதவில்லை, எந்த இலையில் பூச்சி விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். மேடையேற அஞ்சும் மற்றொருத்தி, மழலையர் வகுப்பில் அழும் குழந்தையை இரண்டே நிமிடங்களில் சிரிக்க வைத்துவிடுவாள். இவையெல்லாம் திறன்களே. ஆயினும் இவற்றுக்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத காரணத்தாலேயே இவை கல்வியில் சேரா என்ற எண்ணம் வீட்டிலும் பள்ளியிலும் வேரூன்றிவிட்டது.

இக்குறையைப் போக்க ஒரு புதிய ஏற்பாடு இப்போது எங்கும் பேசப்படுகிறது. ‘டிஜிட்டல் பேட்ஜ்’ என்பது அதன் பெயர். கணினிப் பயிற்சி நிலையங்களும் இணைய வழி வகுப்புகளும் இதைச் சொல்லி அழைக்கின்றன. “இது நல்லதுதானா? நம் பிள்ளைகளுக்குத் தேவையா? அல்லது பணம் பறிக்கும் இன்னொரு வழியா?” என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்ஜ் ஒரு சாட்சியாக வருமானால் அதை வரவேற்போம். வெறும் பாராட்டாக வருமானால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நாம் அறிந்த படிக்கட்டுகள்

பெயர் புதிதே தவிர, பொருள் நமக்குப் பழக்கமானதே. பெண் சாரணியர் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1910-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இவ்வியக்கம், மறு ஆண்டிலேயே, அதாவது 1911-இல், ஜபல்பூரில் கால் ஊன்றியது. தொடக்கம் முதலே அது திறன்களுக்குச் சின்னம் வழங்கி வந்திருக்கிறது. முதலுதவி, சமையல், தையல் போன்ற ஒவ்வொன்றையும் செய்து காட்டிய பிறகே சீருடையின் கையில் அந்தச் சின்னத்தைத் தைத்துக்கொள்ள முடியும். எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவளும் கட்டுப் போடத் தெரியாவிட்டால் அச்சின்னத்தைப் பெற முடியாது.

நம் நாட்டுச் சாரணியர் ஏறும் படிகளின் பெயர்களைக் கவனியுங்கள். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது. ‘சோபானம்’ என்றாலே படி என்றுதான் பொருள். முதற்படியில் நிற்பவளுக்கு அடுத்த படி எது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். கற்றலுக்குப் பாதை அமைத்தல் என்று இன்றைய கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான்.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் நம் தெருவிலேயே உண்டு. 1918-இல் சென்னையில் தோன்றிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் தேர்வுகளை நம் மாணவியரின் தாய்மார்களில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, விசாரத், பிரவீண் என்று அவை படிப்படியாக உயர்கின்றன. பத்து வயதுச் சிறுமியும் அவள் அத்தையும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே தேர்வை எழுதலாம்.

தட்டச்சுத் தேர்வும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘லோயர்’ என்றால் நிமிடத்துக்கு 30 சொற்கள்; ‘ஹையர்’ என்றால் 45 சொற்கள். இதில் மயக்கத்துக்கு இடமில்லை. “ஹையர் பாஸ் செய்திருக்கிறாள்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெண்ணின் விரல்கள் என்ன செய்யும் என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த ஒரு சான்றிதழைக் கொண்டு அலுவலகங்களில் நுழைந்து, தங்கள் குடும்பத்தையே தாங்கி நிறுத்திய பெண்கள் தமிழகத்தில் ஏராளம். பள்ளி இறுதித் தேர்வில் அவர்கள் என்ன மதிப்பெண் வாங்கினார்கள் என்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

நல்ல சின்னத்துக்கு வேண்டிய இலக்கணம் இவற்றில் அடங்கியிருக்கிறது. எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. செய்ததை நேரில் பார்த்த ஒருவர் இருந்தார். அந்தச் சான்றை மதித்துக் கதவைத் திறக்க வெளியே யாரோ காத்திருந்தார்கள்.

புதிதாக வந்திருப்பது என்ன?

அப்படியானால் டிஜிட்டல் பேட்ஜில் புதிதாக என்னதான் இருக்கிறது? ஃபயர்ஃபாக்ஸ் என்னும் இணைய உலாவியை உருவாக்கிய மோசில்லா அமைப்பு, அமெரிக்காவின் மெக்கார்த்தர் அறக்கட்டளையின் துணையோடு 2011-இல் ‘ஓப்பன் பேட்ஜஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பேட்ஜ் வழங்காமல், அனைவருக்கும் பொதுவான ஓர் இலக்கணத்தின்படி வழங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2017 முதல் அந்த இலக்கணத்தைப் பேணும் பொறுப்பு, இன்று ஒன் எட்டெக் என்று அழைக்கப்படும் அமைப்பிடம் இருக்கிறது.

பார்ப்பதற்கு டிஜிட்டல் பேட்ஜ் ஒரு சிறு படம். ஆனால் அந்தப் படத்துக்குள் சில செய்திகள் பொதிந்திருக்கும். வழங்கியவர் யார், பெற்றவர் யார், எந்த நாளில் வழங்கப்பட்டது, எந்த அளவுகோலின்படி வழங்கப்பட்டது, செய்த வேலைக்குச் சான்று எங்கே இருக்கிறது, எந்த நாள் வரை அது செல்லும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். 2021-இல் நாம் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டபோது கோவின் தளம் அளித்த சான்றிதழை நினைத்துப் பாருங்கள். அதில் அச்சிட்டிருந்த கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்தால், சான்றிதழ் உண்மையானதா, போலியா என்று தெரிந்தது. பேட்ஜும் ஏறத்தாழ அவ்வாறே சரிபார்க்கத்தக்கது. 2024-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், யாரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் வெளிப்பட்டுவிடும் வகையில் மின்னணுக் கையொப்பமும் இருக்கிறது.

சட்டையில் குத்திய பேட்ஜுக்கு வாய் இல்லை. பள்ளியைத் தாண்டினால் அது வெறும் தகரம். டிஜிட்டல் பேட்ஜோ தன் கதையைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. வரவு செலவு ஏடு எழுதும் நம் மாணவி நாளை வேறோர் ஊரில் வேலை கேட்டுப் போனால், அவள் எழுதிய ஏட்டின் பக்கங்களையும், அதைச் சரிபார்த்தவரின் பெயரையும் அங்கிருப்போர் பார்க்கலாம். சாட்சி கூடவே பயணம் செய்கிறது. புதுமை என்பது இவ்வளவே. ஆனால் இது சிறிய புதுமை அன்று.

2013-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. கோடை விடுமுறையில் அருங்காட்சியகங்கள், நூலகங்கள், பூங்காக்கள் முதலிய நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் கற்றதற்குப் பேட்ஜ் வழங்கின. பள்ளிக்கு வெளியே கற்றதும் கல்வியே என்று ஒரு நகரமே ஒப்புக்கொண்டது என்பது இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் நாட்டிலும் காற்று அத்திசையில்தான் வீசுகிறது. 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் பொதுத்தேர்வுச் சான்றிதழ்கள் கிடைக்கின்றன. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், பாடநூலுக்கு அப்பாற்பட்ட திறன்களைத் தேடிச் செல்லுமாறு மாணவர்களைத் தூண்டியது. ஆகவே இக்கேள்வி நம் பள்ளி வாயிலில் இன்றோ நாளையோ வந்து நிற்கத்தான் போகிறது. அதற்கு முன்பே நாம் ஒரு தெளிவுக்கு வந்துவிடுவது நல்லது.

பாராட்டினால் விளையும் கேடு

பேட்ஜை வெறும் பாராட்டாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பிள்ளைகளுக்கு உற்சாகம்தானே பிறக்கும்? இக்கேள்விக்கு 1973-ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று பிரிவாக்கினார்கள். “படம் வரைந்தால் பரிசு உண்டு” என்று ஒரு பிரிவுக்கு முன்னதாகவே சொல்லி, தங்க நிற முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழை அளித்தார்கள். மூன்றாம் பிரிவுக்குப் பரிசே இல்லை.

ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றப் பிரிவினர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். முன்பு ஆசையோடு செய்த வேலை, பரிசு இல்லாதபோது சுவையற்றுப் போய்விட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்தக் கேடு நேரவில்லை. பரிசைக் காட்டி வேலை வாங்கியதே ஆசையைத் தின்றது என்பதை இந்த ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

பெண்கள் பள்ளியில் இதை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். நம் சமுதாயத்தில் பெண்பிள்ளை பிறந்த நாள் முதலே பிறருடைய பாராட்டுக்கு ஏங்கப் பழக்கப்படுகிறாள். “நல்ல பெண்” என்ற பெயர் எடுப்பதற்காகவே பாடுகிறாள், கோலம் போடுகிறாள், முதல் மதிப்பெண் வாங்குகிறாள். பிறர் தலையசைத்தால்தான் தன் வேலை நல்ல வேலை என்று நம்புகிறாள். இந்த ஏக்கத்துக்கு மேலும் தீனி போடும் நூறு வண்ணச் சின்னங்களை நாம் கைபேசியில் அடுக்கி வைப்போமானால், அவளுக்கு உதவி செய்தவர்கள் ஆகமாட்டோம். தான் செய்ததைத் தானே அளந்து, “இது சரி, இது இன்னும் போதாது” என்று சொல்லத் தெரிந்த பெண்ணே நாளை தன் காலில் நிற்பாள். அத்தகைய பெண்ணுக்குக் கைத்தட்டல் இரண்டாம் பட்சம். தன் வேலையை உள்ளபடி பார்த்துச் சொல்லும் நேர்மையான ஒரு சாட்சியே அவளுக்கு முதல் தேவை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2017-இல் தமிழக அரசு, பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிள்ளைகளின் மனச்சுமையைக் குறைக்க எடுத்த நல்ல முடிவு அது. “யாருக்கு எத்தனை பேட்ஜ்?” என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால், வாசல் வழியே வெளியேறிய அந்த ரேங்க் பின்புறச் சன்னல் வழியே உள்ளே வந்துவிடும்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வோம்

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருபவரை விசாரிக்காமல் விடுவதில்லை. பேட்ஜையும் அவ்வாறே நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பெற்றோர் இவற்றை மனத்தில் குறித்துக்கொள்வது நலம்.

முதற்கேள்வி: பார்த்தது யார்? பெயர் சொல்லக்கூடிய ஒருவர், அந்தத் துறையை அறிந்த ஒருவர், அந்த வேலையை நேரில் பார்த்திருக்க வேண்டும். பணம் கட்டி, நான்கு ஒளிப்படக் காட்சிகளை ஓடவிட்டு, பத்து கேள்விகளுக்கு ‘டிக்’ அடித்தவுடன் வந்து விழும் பேட்ஜ், எதையும் பாராத சாட்சி. அத்தகைய சான்றிதழ்கள் இன்று தெருவெங்கும் விற்கப்படுகின்றன. அவற்றுக்குச் செலவிடும் தொகையில் பிள்ளைக்கு நல்ல அகராதி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

இரண்டாம் கேள்வி: பார்த்தது எதை? “தலைமைப் பண்பு”, “படைப்பாற்றல்” என்று வானத்தையே வளைத்துப் பிடிக்கும் பெயர்களைக் கண்டால் சற்று ஒதுங்கி நில்லுங்கள். தட்டச்சுத் தேர்வைப்போல, “இன்னது செய்வாள், இவ்வளவு செய்வாள்” என்று சொல்ல முடிய வேண்டும். “ஒரு மாத வரவு செலவை எழுதி, வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் காரணம் கண்டுபிடிப்பாள்” என்பது சாட்சி. “கணக்கில் ஆர்வமுள்ளவள்” என்பது முகமன்.

மூன்றாம் கேள்வி: செய்தது அவளேதானா? 2012-13-ஆம் கல்வியாண்டில் நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடும் வந்தன. செயல் வழியே கற்பதை அளக்கும் ‘வளரறி மதிப்பீடு’ அதன் சிறந்த அம்சம். ஆனால் எத்தனை வீடுகளில் தந்தையார் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடி, தயார் நிலையில் இருந்த படங்களை வாங்கி வந்தார். எத்தனை வீடுகளில் தாயார் விடிய விடிய அவற்றைச் சார்ட்டில் ஒட்டினார்! திட்டம் நல்லதே. குழந்தையின் கைவேலையை அளக்க வந்தது, கடைக்காரரின் சரக்கை அளந்துவிட்டுப் போயிற்று. பேட்ஜுக்கும் இக்கதி நேராமல் இருக்க வேண்டுமானால், வேலை பள்ளியிலேயே ஆசிரியையின் கண்முன் நடைபெற வேண்டும்.

நான்காம் கேள்வி: இந்தச் சாட்சியைக் கேட்கப்போவது யார்? அடுத்த படி ஏதும் இல்லாத பேட்ஜ், மேல்மாடி இல்லாத வீட்டுக்குக் கட்டிய மாடிப்படி போன்றது. ஒரு பேட்ஜைப் பெற்றவளுக்கு வேறொரு பொறுப்போ, வேறொரு பயிற்சியோ, ஒரு வாய்ப்போ திறக்க வேண்டும். அப்படித் திறக்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

எங்கே சேமித்து வைக்கிறோம் என்பதையும் மறந்துவிடலாகாது. மோசில்லா அமைப்பு, பேட்ஜுகளை வைத்துக்கொள்ள ‘பேக்பேக்’ என்ற மின்னணுப் பையை அளித்து வந்தது. 2019-இல் அதை மூடி, வேறொரு சேவைக்கு மாற்றிக்கொள்ளுமாறு கூறிவிட்டது. கணினி நிறுவனங்கள் வரும், போகும். ஆகவே ஒவ்வொரு சான்றின் நகலும் தாள் வடிவில் பள்ளியின் பதிவேட்டிலும் இருக்கட்டும். பழைய பீரோவை யாரும் ஒரே நாளில் மூடிவிட முடியாது.

எழக்கூடிய மறுப்புகள்

“பேட்ஜ் கல்லூரியில் இடம் வாங்கித் தருமா? கடைசியில் மதிப்பெண்தானே?” என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. இன்றைய நிலையில் மதிப்பெண் தேவையே; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரிக் கதவோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும் பெண்களும், திருமணத்தாலோ குடும்பச் சூழ்நிலையாலோ படிப்பை இடையில் விட்டவர்களும் நம் பழைய மாணவியரில் இல்லையா? பத்தாண்டு கழித்து அவர்கள் ஒரு வேலைக்கு முயலும்போது, கையில் இருப்பது ஒரு பழைய மதிப்பெண் பட்டியல் மட்டுமே. “எனக்கு இது தெரியும்” என்று சொல்ல வாய் இருக்கிறது, ஆதாரம் இல்லை. கெட்டிக்காரப் பெண்கள் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று ஒதுங்கிப் போவதை நாம் காண்கிறோம் அல்லவா? ஒரு நல்ல சாட்சி அவர்களுக்காகவே தேவைப்படுகிறது.

“ஆசிரியைகளுக்கு இருக்கிற சுமை போதாதா?” என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருத்தியின் ஒவ்வொரு திறனையும் ஓர் ஆசிரியை பார்த்துச் சான்றளிக்க இயலாது. ஆகையால்தான் பேட்ஜுகள் மிகச் சிலவாக இருக்க வேண்டும் என்கிறேன். ஐம்பது சின்னங்களை வைத்துவிட்டு எதையும் பாராமல் வழங்குவதைவிட, நான்கை வைத்துக்கொண்டு நான்கையும் உண்மையாகப் பார்த்து வழங்குவது மேல். எளிதாகக் கிடைப்பது எளிதாகவே மதிப்பிழக்கும்.

“கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வாள்?” என்பது மிக முக்கியமான கேள்வி. பேட்ஜைப் பெறுவதற்குக் கைபேசி தேவையாகவே இருக்கக் கூடாது. வேலையைச் செய்து காட்டுவது மாணவியின் பொறுப்பு. அதைக் கணினியில் ஏற்றுவது பள்ளியின் பொறுப்பு. அதோடு, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் விவரங்களை மின்னணு முறையில் கையாள்வதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒரு சிறுமியின் பெயரும் முகமும் கண்டவர் கண்ணில் படும்படி இணையத்தில் கிடக்கக் கூடாது. புகைப்படம் வேண்டாம், அவள் செய்த வேலையின் படம் போதும். யாருக்குக் காட்டுவது என்பதை அவளும் பெற்றோருமே முடிவு செய்யட்டும்.

நம் பள்ளியில் ஒரு தொடக்கம்

குறை சொல்லிவிட்டு வாளாவிருப்பது முறையன்று. எனவே ஒரு யோசனையை அருட்சகோதரியர் முன்னும் பெற்றோர் முன்னும் வைக்கிறேன். வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு நான்கே நான்கு பேட்ஜுகள்: முதலுதவி, வரவு செலவுக் கணக்கு, தோட்டம், சிறு குழந்தைகளுக்குக் கதை படித்தல். ஒவ்வொன்றிலும் மூன்று படிகள்.

முதலுதவியை வைத்து விளக்குகிறேன். முதற்படியில் நிற்பவள் காயத்தைக் கழுவிக் கட்டுவாள். 108-ஐ அழைத்து இடத்தையும் நிலைமையையும் பதறாமல் சொல்வாள். இரண்டாம் படியில் இருப்பவள், தீக்காயத்தில் பற்பசையோ மையோ பூசுவதைத் தடுத்து, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுவாள். பாம்பு கடித்த இடத்தைக் கீறாமலும் கயிற்றால் இறுக்காமலும், கடிபட்டவரை அசையவிடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வாள். மூன்றாம் படிக்கு வந்தவள் இவற்றையெல்லாம் ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்குக் கற்றுக்கொடுப்பாள். கற்றவள் கற்பிப்பவளாவதே மேற்படி. முதலுதவி மறந்துபோகக்கூடிய கலையாதலால் இந்த பேட்ஜ் மூன்றாண்டுகளே செல்லும். பிறகு மீண்டும் செய்து காட்ட வேண்டும்.

விதிகளும் சிலவே. கட்டணம் கிடையாது. எண்ணிக்கைப் பட்டியல் சுவரில் ஒட்டப்படமாட்டாது. முதல் முறை இயலாதவள் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் முயலலாம். “தவறினாள்” என்று எங்கும் எழுதப்படமாட்டாது. எந்தப் பேட்ஜையும் பெறாமலே ஓர் ஆண்டைக் கழிக்க விரும்பும் மாணவிக்கும் முழு உரிமை உண்டு. பேட்ஜ் பெற்றவளுக்கு உடனே ஒரு பொறுப்பு. கணக்குப் பேட்ஜ் பெற்றவள் பள்ளிக் கூட்டுறவு அங்காடியின் ஏட்டைப் பார்ப்பாள். முதலுதவிப் பேட்ஜ் பெற்றவள் விளையாட்டு விழாவில் மருந்துப் பெட்டியோடு நிற்பாள். திறனுக்குக் கிடைக்கும் உண்மையான மரியாதை, அத்திறனை நம்பி ஒரு வேலையை ஒப்படைப்பதே.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மகள் பேட்ஜ் பெற்று வந்தால், “எத்தனையாவது?” என்று கேளாதீர்கள், “என்ன செய்தாய், எனக்கும் செய்து காட்டு” என்று கேளுங்கள். அவள் உங்கள் கையிலே கட்டுப் போட்டுக் காட்டட்டும். வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு மாதம் எழுதட்டும். அவள் திறனை முதலில் நம்ப வேண்டியவர்கள் நீங்களே.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையில் ஒரு திறன் இருக்குமானால், அதற்குச் சின்னம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது உங்களுடையது. அதை யாரும் பறித்துக்கொள்ள முடியாது. ஆனால் அத்திறனை உலகம் அறியாமற்போனால் இழப்பு உங்களுக்கு மட்டுமன்று, உலகத்துக்கும்தான். ஆகையால் சாட்சியைத் தேடுங்கள், சின்னத்தைச் சேர்க்காதீர்கள். தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை எளிது. திறனே பெரிது. அதை உள்ளபடி எடுத்துச் சொல்லும்வரை சின்னமும் மதிக்கத்தக்கதே.